ஆல்ஃபிரட் டெல்லரின் ஓபரான்: ஒரு கவுன்டர்டெனர் வேடம் கைமாறிய நிகழ்வு, 1960–61

1960 ஜூன் 11 அன்று, இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரை ஊரான ஆல்ட்பரோவின் ஜூபிலி ஹாலில் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ ஆபரா, அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகம், முதல்முறையாக மேடையேறியது. வனதேவதைகளின் அரசன் ஓபரான் வேடத்தை ஆல்ஃபிரட் டெல்லர் என்ற கவுன்டர்டெனர், அதாவது பெண் குரலின் உயரத்தில் பாடும் ஆண், பாடினார். அது அவருடைய குரலை மனதில் வைத்தே எழுதப்பட்ட வேடம். 1961 பிப்ரவரியில் அதே ஆபரா லண்டன் கோவென்ட் கார்டன் அரங்குக்குப் போனபோது ஓபரானாக நின்றவர் ரஸ்ஸல் ஓபர்லின் என்ற அமெரிக்கர்.

ஃபால்செட்டோ என்ற மெலிந்த மேல் குரலில் பாடும் ஆண் குரல் ஆபராவுக்குத் தாங்காது என்பதற்கு இந்த மாற்றத்தைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அது சரியல்ல. அடுத்த இருபது ஆண்டுகளில் அதே வேடத்தை அதே வகைக் குரல்கள் பல அரங்குகளில் நன்றாகவே பாடின. குரல், அரங்கின் அளவு, பாடகருக்குக் கிடைத்திருந்த பயிற்சி ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் டெல்லருக்கு என்ன நடந்தது என்று புரியும்.

டெல்லர் வந்த வழி

டெல்லர் 1912 மே 31 அன்று கென்ட் மாவட்டத்துக் கடலோர ஊரான மார்கேட்டில் பிறந்தார். சிறுவனாக உள்ளூர்த் தேவாலயப் பாடகர் குழுவில் பாடினார். குரல் உடைந்ததும் பெரும்பாலான சிறுவர்கள் கீழ்ச்சுருதிக்கு இறங்கிவிடுவார்கள், அல்லது பாடுவதையே விட்டுவிடுவார்கள். டெல்லர் மேல் குரலை விடவில்லை. முறையான குரல் ஆசிரியர் அவருக்கு ஒருபோதும் இருந்ததில்லை. பிழைப்புக்கு மரச்சாமான் கடையில் வேலை, பாட்டுக்குத் தேவாலயம்.

1940இல் கேன்டர்பரி பேராலயக் குழுவில் ஆல்ட்டோ பாடகராகச் சேர்ந்தார். ஆங்கிலப் பேராலயங்களில் மேல் பாகத்தைச் சிறுவர்களும், அதற்கு அடுத்த ஆல்ட்டோ பாகத்தை வளர்ந்த ஆண்களும், அதன் கீழே டெனர் (உயர்ந்த ஆண் குரல்), பாஸ் (தாழ்ந்த ஆண் குரல்) பாகங்களையும் ஆண்களே பாடுவதும் அன்று நெடுங்காலப் பழக்கமாக இருந்தது. அதனால் இந்தக் குரலை டெல்லர் புதிதாகக் கண்டுபிடித்தார் என்று எழுதுவது பிழை. ஆல்ட்டோ ஆண்கள் ஒவ்வொரு பேராலயத்திலும் இருந்தார்கள். குழுவிலிருந்து பிரிந்து தனியாக ஒரு கச்சேரி மேடையில் நிற்க அவர்களுக்கு இடம்தான் இல்லாமல் இருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது டெல்லர் மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர். அதற்குப் பதிலாகப் பண்ணை வேலை செய்துகொண்டே பேராலயத்தில் பாடினார். கேன்டர்பரி குழுவுக்காக ஒரு பாடல் எழுதிய இசையமைப்பாளர் மைக்கேல் டிப்பெட் அங்கே வந்தபோது டெல்லரைக் கேட்டார். பதினேழாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹென்றி பர்செல் கவுன்டர்டெனருக்கென எழுதியவை எந்தக் குரலுக்கானவை என்ற கேள்விக்கு விடை அவர் முன்னால் நின்றது. டிப்பெட் அப்போது லண்டன் மோர்லி கல்லூரியில் இசைப் பொறுப்பில் இருந்தார். 1944இல் டெல்லரை அங்கே மேடையேற்றினார். 1946 செப்டம்பர் 29 அன்று பிபிசி தன் தேர்ட் புரோகிராம் வானொலிச் சேவையைத் தொடங்கிய இரவில் பர்செலின் ‘கம் யி சன்ஸ் ஆஃப் ஆர்ட்’ ஒலிபரப்பானது. அதில் டெல்லர் பாடினார். 1947இல் லண்டன் செயின்ட் பால்ஸ் பேராலயக் குழுவுக்கு மாறினார். சிறிது காலத்தில் டெல்லர் கன்சார்ட் என்ற சிறு குரல் குழுவையும் அமைத்தார். லூட் என்ற, விரலால் மீட்டும் மெல்லிய தந்தி வாத்தியத்தின் கலைஞர் டெஸ்மண்ட் டூப்ரேயுடன் இசைத்தட்டுகள் வெளிவந்தன. 1954இல் குஸ்தாவ் லெயோன்ஹார்ட்டின் குழுவுடன் பாக்கின் 54, 170 எண் கான்டாட்டாக்களை, அதாவது குரலும் வாத்தியங்களும் சேர்ந்த தேவாலயப் பாடல் தொகுதிகளை, பதிவு செய்தார். அதே காலகட்டத்தில் ஹேண்டலின் ‘சோசார்மே’ ஆபராவின் தலைப்பு வேடத்தையும் இசைத்தட்டில் பாடினார்.

1960க்குள் அவருக்கு எது பழகியிருந்தது, எது பழகவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். செயின்ட் பால்ஸ் பேராலயத்தில் ஒரு ஒலி அடங்க பத்து விநாடிக்கு மேலாகும். அங்கே மெல்லிய குரலைக் கட்டிடமே தாங்கிக் கொடுக்கும். உரக்கப் பாடினால் சொற்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்பும். மைக் முன்னாலும் அப்படியே, சன்னமாகப் பாடுவதுதான் பலம். லூட்டோடு பாடும்போது அந்த வாத்தியத்தின் அளவுக்குக் குரலை இறக்கியே ஆக வேண்டும். இருபது ஆண்டு இப்படிப் பழகிய ஒருவருக்குச் சொல்லின் நுணுக்கமும், ஒரு சுரத்தைத் துளியாகத் தொடங்கி விரித்து மீண்டும் ஒடுக்குவதும் கைவந்திருந்தன. பேராலயப் பாடகர் கையில் புத்தகம் இருக்கும், நிற்கும் இடம் மாறாது. பாடங்களை மனப்பாடம் செய்து, கனமான உடையில் நடந்துகொண்டே, இருபதடி தள்ளி நிற்கும் இசைநடத்துநரின் கையைக் கடைக்கண்ணால் பார்த்துப் பாடுவது வேறு தொழில். அதை அவர் 48ஆம் வயதில்தான் கற்க வேண்டியிருந்தது.

இந்தக் குரல் எப்படி வேலை செய்கிறது

பேசும்போது டெல்லரின் குரல் பாரிட்டோன் வகை, அதாவது சாதாரண நடுத்தர ஆண் குரல். பாடும்போது அவர் பயன்படுத்தியது ஃபால்செட்டோ, நம் பக்கத்தில் கள்ளத்தொண்டை என்பது. இயல்பான குரலில் குரல் நாண்கள் முழுத் தடிமனோடு அதிர்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் நன்றாக மூடிக்கொள்கின்றன. ஃபால்செட்டோவில் நாண்கள் நீண்டு மெலிந்து, பெரும்பாலும் ஓரங்கள் மட்டுமே அதிர்கின்றன. மூடும் நேரம் குறைவு. அதனால் ஒலியில் மேற்சுரங்கள் (அடிச்சுரத்தோடு சேர்ந்தே அதற்கு மேல் ஒலிக்கும் நுண்ணொலிகள்) குறைந்து, அடிச்சுரம் தூக்கலாக நிற்கும்.

ஆபரா மேடைக்கு இதன் விளைவு நேரடியானது. இசைக்குழுவின் ஒலி ஆற்றல் 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் திரண்டு, அதற்கு மேல் போகப்போகக் குறையும். பயிற்சி பெற்ற டெனரோ பாரிட்டோனோ 2,500 முதல் 3,200 ஹெர்ட்ஸ் பகுதியில் மேற்சுரங்களைக் குவித்து, இசைக்குழு மெலிந்த அந்த இடைவெளி வழியாகத் தன் குரலை அனுப்புவார். மைக் இல்லாமல் எண்பது வாத்தியங்களைத் தாண்டி அவர் கேட்பதற்கு அதுதான் காரணம். ஃபால்செட்டோவுக்கு அந்த வழி குறுகலானது. பயிற்சியால் நாண்களின் மூடலை இறுக்கி அதை அகலப்படுத்தலாம். இன்றைய ஆபரா கவுன்டர்டெனர்கள் அதைத்தான் செய்கிறார்கள். டெல்லரின் அழகியல் அதற்கு எதிர்த்திசையில் இருந்தது. காற்றுக் கலந்த, கூர்மையில்லாத தொடக்கமே அவர் அடையாளம்.

அடுத்த சிக்கல் கீழ்ப்பகுதி. ஏறத்தாழ 200 முதல் 350 ஹெர்ட்ஸ் வரையுள்ள சுரங்களை ஒரு ஆண் இயல்பான குரலிலும் பாடலாம், ஃபால்செட்டோவிலும் பாடலாம். ஃபால்செட்டோவில் பாடினால் ஒலி மங்கும். இயல்பான குரலுக்கு மாறினால் பலம் வரும், ஆனால் மாறும் இடம் காதில் இடறும்: வாக்கியத்தின் நடுவே ஆள் மாறியதுபோல் கேட்கும். இரண்டையும் கலந்து தையல் தெரியாமல் இறங்குவதே இந்தக் குரலின் கடினமான வேலை. மேல் சுரம் எட்டுகிறதா என்று மட்டும் பார்த்து வேடம் கொடுக்கும் இயக்குநர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பிரிட்டன் அளவெடுத்தது

ஓபரான் வேடத்தின் வீச்சு ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸிலிருந்து 587 ஹெர்ட்ஸ் வரை. கர்நாடக இசைக் கணக்கில், ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் ஒரு பெண்ணின் மத்திய ஸ்தாயி ஷட்ஜத்தில் தொடங்கி தார ஸ்தாயி பஞ்சமம் வரை. அகலமான வீச்சு அல்ல. உச்சத்தில் சாகசமும் இல்லை. பாட்டின் பெரும்பகுதி டெல்லரின் குரல் நன்றாக ஒலித்த நடுப்பகுதியிலேயே சுழல்கிறது. ஹேண்டலின் கதாநாயகன் வேடங்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அவை பெரும்பாலும் காஸ்ட்ராட்டோக்களுக்கு, அதாவது குரல் உடையாதபடி சிறுவயதிலேயே விதைநீக்கம் செய்யப்பட்ட ஆண் பாடகர்களுக்கு, எழுதப்பட்டவை. காஸ்ட்ராட்டோ கிடைக்காதபோது ஹேண்டல் பெண்களைத்தான் பாட வைத்தார். வேகமான சுர வரிசைகள், நீண்ட மூச்சு, அரங்கை நிறைக்கும் ஒலி எல்லாம் அங்கே வேண்டும். ஓபரான் அப்படி எதையும் கேட்பதில்லை.

பிரிட்டனின் கெட்டிக்காரத்தனம் பின்னணி வாத்தியங்களில் இன்னும் நன்றாகத் தெரிகிறது. ஓபரானோடு அவர் முக்கியமாகச் சேர்த்தவை செலஸ்டா (மணி போல் ஒலிக்கும் விசைப்பலகை வாத்தியம்), ஹார்ப் (யாழ் போன்றது), ஹார்ப்சிகார்ட் (தந்திகளை மீட்டும் விசைப்பலகை வாத்தியம்). செலஸ்டா எழுதியதைவிட ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். குரல் இருக்கும் பகுதிக்கு மேலே அது மின்னுவதால் குரலுக்கு இடம் மிச்சமாகிறது. ஹார்ப்பும் ஹார்ப்சிகார்டும் மீட்டிய கணத்தில் ஒலித்து உடனே தேயும். அந்தத் தேய்வுக்குள் மெல்லிய குரல் நிற்க முடியும். பித்தளைக் குழல்களின் நீண்ட கார்வை அங்கே இருந்தால் முடியாது. முழு இசைக்குழுவே சிறியது: இரண்டு புல்லாங்குழல், ஒரு ஓபோ, இரண்டு கிளாரினெட், ஒரு பஸ்ஸூன், இரண்டு ஹார்ன், ஒரு டிரம்பெட், ஒரு டிராம்போன், தாள வாத்தியங்கள், இரண்டு ஹார்ப், கொஞ்சம் தந்தி வாத்தியங்கள்.

முதல் அங்கத்து ‘ஐ நோ எ பேங்க்’ பாடலில் இந்தக் கணக்கு முழுதாகப் பலிக்கிறது. ஒரு சொல்லை நீட்டி அதன்மேல் சுரங்களைச் சுற்றவிடும் முறை பர்செலிடமிருந்து வருவது. டெல்லர் பதினைந்து ஆண்டுகளாகப் பாடிவந்த நடை அது. அந்தப் பாடலில் குரல் எங்கேயும் இசைக்குழுவோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

வேடம் முழுவதும் இப்படி இல்லை. முதல் அங்கத்தில் அரசி டைட்டானியாவோடு வரும் சண்டையில், சோப்ரானோ என்ற உயர்ந்த பெண் குரலுக்கு எதிரே ஓபரான் தன் அதிகாரத்தைக் காட்டியாக வேண்டும். இரண்டாம் அங்கத்தில் தன் ஏவலாள் பக் செய்த குளறுபடியைக் கண்டு கோபப்படும் இடம் இன்னும் கடினம். வேகம், அழுத்தம், நடுப்பகுதிச் சுரங்கள், அதற்கு மேல் நடிப்பு. மூன்றாம் அங்கத்தில் டைட்டானியாவோடு சமாதானமாகும்போது மெதுவான சாராபாண்ட் நடனம் வருகிறது; அங்கே உடலின் நிமிர்வும் நடையும்தான் அரசனைக் காட்ட வேண்டும். மென்மையை மட்டும் கொண்டு இந்த மூன்று இடங்களையும் கடக்க முடியாது.

பிசகியது எங்கே

ஜூபிலி ஹால் முந்நூறு பேர் அளவுக்கு இடமுள்ள சிறிய கூடம். அங்கே பிரிட்டனே இசை நடத்தினார், ஜான் கிராங்கோ இயக்கினார், ஜான் பைப்பர் காட்சியமைப்பு. டைட்டானியாவாக ஜெனிஃபர் விவியன், கதையில் நாடகம் போடும் தொழிலாளிகளில் ஒருவனான ஃப்ளூட் வேடத்தில் பீட்டர் பியர்ஸ். பிரிட்டனும் பியர்ஸும் சேர்ந்து ஷேக்ஸ்பியரின் நாடகத்தை ஏறத்தாழப் பாதியாகச் சுருக்கி ஆபரா வசனத்தை அமைத்திருந்தார்கள். டெல்லரின் குரல் தனக்கென எழுதப்பட்ட பாட்டில் நன்றாகப் பொருந்தியது. அவருடைய நடிப்பும் மேடை நடமாட்டமும் விமர்சகர்களிடம் கடுமையாக அடிபட்டன. குரலும் சிலருக்குப் பிடிக்கவில்லை.

கோவென்ட் கார்டனில் சுமார் 2,200 இருக்கைகள். ஜூபிலி ஹாலைப் போல ஏழு மடங்கு. அங்கே ஜார்ஜ் ஷோல்ட்டி நடத்த, ஜான் கீல்கட் இயக்கினார். நிர்வாகத்தின் பார்வையில் நின்று யோசித்தால் டெல்லரை மாற்றியது புரிகிறது: மேடை அனுபவம் குறைந்தவர், சன்னமான குரல், பெரிய அரங்கு. ஆனால் இந்த மூன்றில் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு அந்தக் குரல்வகையையே குறை சொன்னதுதான் தவறு. அங்கேயும் இசைக்குழு பிரிட்டன் எழுதிய அதே மெல்லிய அமைப்புதான். மாறியவை தூரமும் அரங்கின் காற்றளவும். டெல்லருக்கு ஐந்து வருடம் முன்பே மேடைப் பயிற்சி கிடைத்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம் என்பதே எங்கள் கணிப்பு. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒரு பேராலய ஆல்ட்டோவுக்கு அப்படிப் பயிற்சி தர எந்த ஆபரா நிறுவனத்துக்கும் காரணம் இருக்கவில்லை, ஏனென்றால் அவருக்குக் கொடுக்க வேடமே இல்லை. முதல் வேடம் வந்தபோது முதல் ஆள் தயாராக இல்லாமல் போனது அதனால்தான்.

வேடத்தை ஏற்றவர்கள்

ரஸ்ஸல் ஓபர்லின் 1928இல் ஓஹையோ மாநிலத்து ஆக்ரனில் பிறந்தவர். ஜூலியர்ட் பள்ளியில் படித்து, நியூயார்க் ப்ரோ முசிக்கா குழுவில் பெயர் பெற்றவர். தன் குரல் ஃபால்செட்டோ அல்ல, இயல்பாகவே மிக உயர்ந்த டெனர் என்பது அவருடைய நிலைப்பாடு. ஒலிப்பதிவுகளைக் கேட்டால் நாண்கள் நன்றாக மூடிய, மையமுள்ள ஒலி தெரிகிறது. கீழ்ச்சுரங்களில் அவருக்கு மாறும் இடமே இல்லை. ஓபரானின் கீழ்ப்பகுதிக்கு இது பெரிய வசதி. 1961இலேயே சான் ஃபிரான்சிஸ்கோவிலும் இதே வேடத்தைப் பாடினார். ஆனால் இப்படிப்பட்ட குரல் அரிது; அதை வைத்து ஒரு தொழில்முறையைக் கட்ட முடியாது. 1960களின் நடுவிலேயே ஓபர்லின் மேடைப் பாட்டை விட்டு, ஹன்டர் கல்லூரியில் கற்பிக்கப் போய்விட்டார்.

வழியை அகலமாக்கியவர் ஜேம்ஸ் பௌமன். 1941இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்து, ஈலி பேராலயத்தில் சிறுவனாகப் பாடி, ஆக்ஸ்ஃபோர்டு நியூ கல்லூரிக் குழுவுக்கு வந்தவர். டெல்லர் நடந்த அதே பேராலயப் பாதை, அதே ஃபால்செட்டோ. ஆனால் குரல் பெரியது, உலோகத் தன்மை கொண்டது. ஆளும் மேடைக்கேற்ற உயரம். 1967இல் இங்கிலிஷ் ஆபரா குரூப்புக்காக ஓபரான் பாடியபோது அவருக்கு வயது 25 அல்லது 26. டெல்லர் 48இல் தொடங்கியதை அவர் இருபது ஆண்டு முன்னதாகவே தொடங்கிவிட்டார். 1970இல் கிளைண்ட்போர்ன் ஆபரா விழாவில் காவல்லியின் ‘லா கலிஸ்டோ’, 1972இல் கோவென்ட் கார்டனில் மேக்ஸ்வெல் டேவிஸின் ‘டேவர்னர்’. பிரிட்டன் 1971இல் ‘ஜர்னி ஆஃப் தி மேஜாய்’ பாட்டின் கவுன்டர்டெனர் பாகத்தையும், 1973இல் ‘டெத் இன் வெனிஸ்’ ஆபராவின் அப்போலோ குரலையும் பௌமனுக்காக எழுதினார். 1981இல் கிளைண்ட்போர்னில் பீட்டர் ஹால் இயக்கத்தில் மீண்டும் ஓபரான் ஆனார்.

டெல்லர் பாட்டை நிறுத்தவில்லை. கென்ட்டில் ஸ்டூர் மியூசிக் என்ற இசை விழாவைத் தொடங்கினார். பிரான்சில் கோடைகால வகுப்புகள் நடத்தினார். 1966இல் டெக்கா நிறுவனம் பிரிட்டன் நடத்த ‘ட்ரீம்’ ஆபராவைப் பதிவு செய்தபோது ஓபரானாக டெல்லரைத்தான் அழைத்தார்கள். அவருடன் லண்டன் சிம்பொனி இசைக்குழு, டைட்டானியாவாக எலிசபெத் ஹார்வுட். அந்தப் பதிவில் மேடை நடமாட்டமும் இல்லை, அரங்கின் தூரமும் இல்லை. வேடமும் குரலும் மட்டுமே. பிரிட்டன் எதைக் காதில் வைத்து எழுதினார் என்பதை வேறு எந்தப் பதிவும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. 1979 ஜூலை 16 அன்று இத்தாலியின் பொலோன்யாவில் டெல்லர் இறந்தார். அவர் மகன் மார்க்கும் கவுன்டர்டெனர். விழாவைப் பின்னர் அவர் நடத்தினார்.

இன்று இந்த வேடத்தைக் கொடுக்கும்போது

குரல் தேர்வை ‘ஐ நோ எ பேங்க்’ பாடலோடு முடிக்கக் கூடாது. எல்லாரும் தயாரித்து வருவது அதைத்தான், அது பாடகருக்குச் சாதகமாகவே எழுதப்பட்டது. இரண்டாம் அங்கத்துக் கோபத்தைப் பாடச் சொல்ல வேண்டும். அங்கே குரல் காற்றாகிறதா, இயல்பான குரலுக்குத் தாவுகிறதா, சுருதி ஏறுகிறதா என்று கேட்க வேண்டும். அழுத்தினால் ஃபால்செட்டோ சுருதி ஏறும், களைத்தால் இறங்கும். இரண்டில் எது நடக்கிறது என்பதிலிருந்தே பாடகர் மிஞ்சி உழைக்கிறாரா, பலமின்றி நிற்கிறாரா என்று தெரிந்துவிடும்.

200 முதல் 260 ஹெர்ட்ஸ் வரையுள்ள வாக்கியங்களைப் பியானோவோடு மட்டும் சோதித்தால் போதாது. பியானோ அறையில் எல்லாமே கேட்கும். அரங்கின் கடைசி வரிசையில் ஒருவரை உட்கார வைத்து, ஹார்ப்போடு பாடச் சொல்லிச் சொற்கள் புரிகின்றனவா என்று எழுதிக்கொள்ளச் சொல்ல வேண்டும். புரியாவிட்டால் முதலில் மாற்ற வேண்டியது நிற்கும் இடம். பாடகரை மேடையின் முன்பகுதிக்குக் கொண்டு வர வேண்டும். பிறகு பின்னால் ஒலியைத் திருப்பும் மரச் சுவர் அல்லது பலகை. துணித் திரையும் செயற்கைப் புல்லும் இந்தக் குரலுக்கு எதிரி. காட்டுக் காட்சி என்று சொல்லி வடிவமைப்பாளர்கள் மேடை முழுக்க அவற்றைப் பரப்புவது வழக்கம். பெரிய அரங்கில் தந்தி வாத்தியங்களைக் கூட்டலாம், ஆனால் ஓபரான் பாடும் இடங்களில் கூட்டிய வரிசைகளை அமர்த்திவைக்க இசைநடத்துநர் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

வனதேவதைகளாகப் பாடும் சிறுவர்களின் குரலும் கவுன்டர்டெனரின் குரலும் நிறத்தில் நெருங்கியவை. கடைசிக் காட்சியில் ஓபரான் அவர்களுக்கு நடுவே நின்றால் தனியாகக் கேட்காது. இரண்டடி முன்னால், கொஞ்சம் உயரத்தில் நிறுத்தினால் போதும்.

ஒத்திகையில் ஒவ்வொரு நாளும் முழுக்குரலில் பாட வைக்கக் கூடாது. மேடை நடமாட்ட ஒத்திகைகளில் கவுன்டர்டெனர் ஒரு ஸ்தாயி கீழே இயல்பான குரலில் பாடிக்கொள்ளலாம். சோப்ரானோவுக்கு இல்லாத வசதி இது. ஆனால் முழு இசைக்குழுவோடு நடக்கும் முதல் ஒத்திகைக்கு முன் குறைந்தது இரண்டு முறையாவது உடையணிந்து, சரியான ஸ்தாயியில், நடந்துகொண்டே பாடியிருக்க வேண்டும். உயர்ந்த கழுத்துப்பட்டை, கிரீடம், இறக்கை மூன்றும் இந்த வேடத்துக்கு அடிக்கடி மாட்டப்படுபவை. கழுத்துப்பட்டை குரல்வளையின் அசைவைத் தடுக்கும். கிரீடம் காதை மறைத்தால் பாடகருக்கு செலஸ்டா கேட்காது. அது கேட்காவிட்டால் தொடக்கச் சுருதியைப் பிடிக்க வேறு ஆதாரம் இல்லை. உடை தைப்பதற்கு முன் இந்த இரண்டையும் தையல்காரரிடம் சொல்லிவிட வேண்டும்.